கரண்ட் போனால் நமக்குப் புழுக்கம், அவருக்கு?



"மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை" என்று பேப்பரில் பார்த்தால் நாம் என்ன செய்வோம்? மோட்டார் போட்டு டேங்கை நிரப்புவோம், செல்போனைச் சார்ஜில் போடுவோம். அவ்வளவுதானே! வீட்டில் வென்டிலேட்டர் வைத்திருப்பவர் அந்த எட்டு மணி நேரத்தை எப்படித் தள்ளுவார் என்று நான் போன வருஷம் வரை யோசித்ததே இல்லை.

எங்கள் பெரியப்பாவுக்கு திருச்சி-சென்னை நான்குவழிச் சாலையில் விபத்து. கழுத்தெலும்பில் அடி. பல மாதம் ஆஸ்பத்திரி. பிறகு தொண்டையில் துளை போட்ட குழாயோடும் ஒரு சின்ன மெஷினோடும் குன்னம் பக்கத்து ஊருக்கே வந்துவிட்டார். ஒருநாள் கரண்ட் கட். "டேய் தம்பி, ஓடியாடா, பெட்டி கீ கீன்னு கத்துது!" என்று பெரியம்மா அலறினார்கள். நான் போனபோது அம்பு பையைக் கையால் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைத் திறந்தால் தகடு வெளியே தெரிகிறது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஒரு வருஷம் ஆகியிருக்கும்! மூணாம் வருஷம் எலெக்ட்ரிகல் படிக்கிற நான் மாசம் இரண்டு தடவை அந்த வீட்டுக்குப் போய் காபி குடித்தவன். வெட்கமாக இருந்தது.

கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 1,800 வாட்-அவர். இழப்பெல்லாம் போக 1,000 கிடைத்தால் பெரிசு. 100 வாட் வென்டிலேட்டர் மட்டும் என்றால் பத்து மணி நேரம் ஓடும். 350 வாட் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரையும் சேர்த்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதே லைனில் டி.வி.யும் ஃபேனும் என்றால் கேட்கவே வேண்டாம். இது டாக்டர் வேலையா, நம்ம வேலையா?

1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது ஆஸ்பத்திரியில் போதுமான மெஷின் இல்லை. பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் சொன்னபடி, சுமார் 1,500 மாணவர்கள் ஷிப்ட் போட்டு இரவும் பகலும் ரப்பர் பையை அமுக்கி நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்தார்கள். அந்த நாட்டிலேயே 1956-ல் ஹென்னிங் ரூபென் என்ற டாக்டரும் ஹோல்கர் ஹெஸ்ஸே என்ற இன்ஜினியரும் சேர்ந்து கொண்டுவந்ததுதான் பெரியம்மா கையிலிருந்த அம்பு பை. கவனியுங்கள், அதில் பாதி நம்ம ஆள்!

நம் அரசு 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை, பிசியோதெரபி, படுக்கையில் இருப்போருக்கான வலி தணிப்புச் சிகிச்சை எல்லாம் வாசலுக்கு வருகிறது. நல்ல திட்டம். ஆனால் வருகிற சிஸ்டர் இன்வெர்ட்டரைத் திறந்து பார்ப்பாரா? அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. அங்கிருந்து டிஸ்சார்ஜ் ஆகி ஆண்டிமடம், திருமானூர்ப் பக்கம் கிராமத்துக்குப் போகிறவர் வீட்டில் எர்த் ஒழுங்கா இருக்கிறதா என்று யார் பார்ப்பது?

"நமக்கெதுக்குடா வம்பு, ஏதாவது ஆயிட்டா?" என்று விடுதியில் ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். அதனால் சொல்கிறேன்: மெஷின் செட்டிங்கில் நாம் கை வைக்கவே கூடாது. அது டாக்டர் பாடு. பிளக் பாயிண்ட் வரைக்கும்தான் நம் எல்லை. எர்த், வோல்டேஜ், பேட்டரித் தண்ணீர், டெர்மினல் அரிப்பு, தனி லைன். மின்தடை அறிவிப்பு வந்தால் முதல்நாளே ஒரு போன். குடும்பத்தார் சம்மதித்த வீட்டுக்கு மட்டும்.

எலெக்ட்ரிகல் லேபில் ஹைட்ரோமீட்டர் செமஸ்டருக்கு ஒருமுறைதான் வெளியே வருகிறது. அதை சனிக்கிழமைகளில் எடுத்துப் போக நாட்டு நலப்பணித் திட்ட ஆசிரியரிடமும், வீடுகளைக் காட்ட ஆரம்ப சுகாதார நிலையச் சிஸ்டரிடமும் கேட்க வேண்டும் என்று அடுத்த பேரவைக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். முதல் வீடு பெரியப்பா வீடு. இரண்டாவது வீடு தெரிந்தவர்கள், அவர்களைக் கேட்டுக்கொண்டு என்னிடம் வாருங்கள்.

- மூன்றாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை