கட்டப்பட்டது, யாரால்?

காமயகவுண்டன்பட்டி இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் வயல்களுக்குப் பாய்வது முல்லைப் பெரியாற்று நீர். "அணை 1895-இல் கட்டப்பட்டது" என்று படிக்கிறோம். ஆங்கிலத்தின் 'வாஸ் பில்ட்' என்பதும் இப்படித்தான். இரண்டிலும் கட்டியவர் யார் என்பது மறைந்துவிடுகிறது! தலைமை தாங்கியவர் பொறியாளர் பென்னிகுவிக். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து, கல் சுமந்து கட்டியவர்கள் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். மலேரியாவும் காலராவும் அவர்களில் பலரைக் கொன்றன.

செய்முறைக் குறிப்பேட்டில் "நீர் சூடேற்றப்பட்டது" என்று எழுதுவதில் தவறில்லை. யார் சூடேற்றினாலும் நீர் கொதிக்கும். ஆனால் "கட்டப்பட்டது", "கண்டறியப்பட்டது" என்று படித்தால், யார், எப்படி என்று கேளுங்கள். நீங்கள் எழுதும்போது அவர்களையும் சேர்த்து எழுதுங்கள். உழைத்தவரை மறைக்கும் வாக்கியம் பாதி உண்மைதான்.