ஆறாம் வகுப்புக்கு டி.சி. மட்டும் போதாது

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளைகள் ஜூன் மாதம் வேறு பள்ளிக்குப் போகிறார்கள். தலைமையாசிரியர் டி.சி. எழுதித் தருகிறார், கல்வித் துறையின் ‘எமிஸ்’ இணையதளத்தில் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு மாற்றுகிறார், புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. கோப்பு நகர்ந்துவிட்டது, பிள்ளை எப்படி நகர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. தொடக்கப் பள்ளிகள் தொடக்கக் கல்வி இயக்ககத்தின் கீழ் இருக்கின்றன. பிள்ளை போய்ச் சேரும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பள்ளிக்கல்வி இயக்ககத்தின் கீழ் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே வரும் அந்தச் சில மாதங்களில் பிள்ளையையும் பெற்றோரையும் தயார்செய்வது எந்தப் பள்ளியின் வேலை என்பது தெளிவாக இல்லை. அதை இரண்டு பள்ளிகளின் கட்டாயக் கடமையாக்கி அரசு உத்தரவிட வேண்டும்.

பத்து வயதுப் பிள்ளை ஒரே வாரத்தில் எதையெல்லாம் எதிர்கொள்கிறது என்று பாருங்கள். தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியரோ இரண்டு ஆசிரியர்களோதான் எல்லாப் பாடத்தையும் நடத்துகிறார்கள். பிள்ளையின் வீடு எது, அம்மா எந்த வேலைக்குப் போகிறார், நேற்று ஏன் வரவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர். மணி அடித்தால் ஒருவர் போவார், இன்னொருவர் வருவார். ஒவ்வொருவருக்கும் தனி நோட்டு, தனி வீட்டுப்பாடம், தனிக் கண்டிப்பு. பழைய பள்ளியில் மூத்த வகுப்பாக இருந்தவர்கள், பிளஸ் 2 அண்ணன்கள் நடமாடும் வளாகத்தில் கடைசிப் பொடியர்கள் ஆகிறார்கள். உடலும் மாறும் வயது இது. பல பெண்பிள்ளைகள் பூப்பெய்துவது ஐந்தாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் இடையில்தான்.

‘நாமும் அப்படித்தானே படித்தோம், தானாகப் பழகிவிடும்’ என்பது பொதுவான பதில். பெரும்பாலான பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால், பழகுவதற்குள் இழப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்திலும் ஃபுளோரிடா மாநிலத்திலும் மாணவர்களின் மதிப்பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் 2010-களில் வெளியாயின. எட்டாம் வகுப்பு வரை ஒரே பள்ளியில் படித்தவர்களோடு ஒப்பிட்டபோது, ஆறிலோ ஏழிலோ பள்ளி மாறியவர்கள் அந்த ஆண்டிலேயே கணக்கிலும் ஆங்கிலத்திலும் பின்தங்கினார்கள். அந்த நாட்டுச் சூழல் வேறு, நம் சூழல் வேறு. ஆனாலும் பள்ளி மாறுவதே பிள்ளைக்கு ஒரு சுமை என்பதை இந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தச் சுமையைக் குறைப்பதற்குப் பதிலாக நம் திட்டங்கள் சில இடங்களில் அதைக் கூட்டுகின்றன.

முதலில் காலை உணவு. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் போனது. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய திட்டம் இது. ஆனால், ஐந்தாம் வகுப்போடு நிற்கும்படிதான் இது வகுக்கப்பட்டது. ஏப்ரல் வரை பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்ட பிள்ளைக்கு ஜூனில் அது கிடையாது. நடுநிலைப் பள்ளிகளில் இது இன்னும் கொடுமை: தம்பி தங்கைகள் தட்டோடு உட்கார்ந்திருக்க, அதே பள்ளியின் ஆறாம் வகுப்புப் பிள்ளை பார்த்துக்கொண்டு கடந்து போக வேண்டும். வேகமாக வளரும் வயதில், முன்பைவிட அதிக தூரம் போக வேண்டிய ஆண்டில், காலைச் சாப்பாடு நின்றுவிடுகிறது. எட்டாம் வகுப்பு வரை இதை நீட்டுவது செலவு பிடிக்கும் காரியம்தான். சமையல்கூடமும் ஆட்களும் ஏற்கெனவே இருக்கும் நடுநிலைப் பள்ளிகளிலிருந்து தொடங்கினால் முதல் கட்டச் செலவு அரசால் தாங்கக்கூடியதே.

அடுத்தது தூரம். கல்வி உரிமைச் சட்ட விதிகள் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. தெருமுனைப் பள்ளிக்கு நடந்தே போன பிள்ளை இனி பேருந்தை நம்ப வேண்டும். இலவசப் பயண அட்டை உண்டு. அந்த நேரத்துக்குப் பேருந்து உண்டா என்பதுதான் கேள்வி. அரசின் விலையில்லா சைக்கிளோ பிளஸ் 1 வகுப்பில்தான் கைக்கு வருகிறது. ஆறாம் வகுப்பில் தொடங்கும் தூரத்துக்குப் பதினோராம் வகுப்பில் சைக்கிள்! முதல் நாளே பேருந்தைத் தவறவிட்டு, இரண்டாம் பீரியடில் தலைகுனிந்து நுழையும் பிள்ளைக்கு அந்தப் பள்ளி எப்படிப் பிடிக்கும்?

பெற்றோரிடம் யாரும் எடுத்துச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அரசின் முக்கியமான சில சலுகைகள் ஆறாம் வகுப்பிலிருந்துதான் எண்ணப்படுகின்றன. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் கொண்டுவந்த 7.5% உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. அடுத்த ஆண்டு பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் அது வந்தது. கல்லூரி போகும் மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் ஆகிய திட்டங்களும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்குப் பார்க்கின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் படித்தவர்கள் போன்ற சில பிரிவினருக்கு விலக்குகள் உண்டு. ஆனால், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று இரண்டு ஆண்டு தனியார் பள்ளியில் சேர்த்து, கட்டணம் கட்ட முடியாமல் திரும்பிவரும் குடும்பம் தன் பிள்ளை எதை இழந்தது என்பதை ஏழு ஆண்டு கழித்துக் கலந்தாய்வில்தான் அறிகிறது. பத்து வயதில் எடுக்கும் முடிவு பதினேழு வயதைத் தொடுகிறது என்பதை மார்ச் மாதமே பெற்றோரை அழைத்து உட்காரவைத்துச் சொல்ல வேண்டாமா?

அந்தக் கூட்டத்தில் சட்டம் தரும் உரிமைகளையும் சொல்ல வேண்டும். டி.சி. தாமதமானதைக் காரணம் காட்டி எட்டாம் வகுப்பு வரை எந்த அரசு, உதவிபெறும் பள்ளியும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நுழைவுத் தேர்வு வைத்து வடிகட்டுவதையும் அது தடுக்கிறது. இந்தத் தடையை மீறினால் முதல் முறை ரூ.25,000 வரை, பிறகு ஒவ்வொரு முறையும் ரூ.50,000 வரை அபராதம். இது தெரியாத பெற்றோர்தான் பிள்ளையை ஏப்ரல் வெயிலில் ‘டெஸ்ட்’ எழுத அழைத்துப்போகிறார்கள். ஐந்து வரை தமிழ்வழியில் படித்த பிள்ளையை ஆறில் திடீரென ஆங்கிலவழிக்கு மாற்றுவதும் இதே வேகத்தில் நடக்கிறது. புதிய பள்ளி, புதிய மொழி என்று இரண்டு சுமையை ஒரே ஜூனில் ஏற்றுகிறோம் என்ற எச்சரிக்கையையாவது ஆசிரியர்கள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

சாதி பற்றிப் பேசாமல் இந்த மாற்றத்தைப் பேச முடியாது. கிராமத்துத் தொடக்கப் பள்ளி பல இடங்களில் ஒரு தெருவின் பள்ளியாக, ஒரு காலனியின் பள்ளியாகவே இருக்கிறது. ஊர்த்தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் முதன்முதலாக ஒரே பெஞ்சில் உட்காருவது பெரும்பாலும் ஆறாம் வகுப்பில்தான். 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை, பெயரின் அகரவரிசைப்படி இருக்கை ஆகியவை 2024-ல் அவர் தந்த பரிந்துரைகளில் அடங்கும். அந்த அகரவரிசையை ஆறாம் வகுப்பின் முதல் நாளே தொடங்கிவிட வேண்டும். யார் யாரோடு உட்காருவது என்பதைத் தெரு முடிவுசெய்த பிறகு பிளஸ் 1-ல் போய் அறிவுரை சொல்வதால் பெரிய பயன் இல்லை.

ஆசிரியர்கள் தரப்பில் எழும் ஆட்சேபம் நியாயமானது. எமிஸ் பதிவுகளும் கூட்டங்களும் பயிற்சிகளும் ஏற்கெனவே கற்பிக்கும் நேரத்தைத் தின்கின்றன. இன்னொரு சுமையா என்று அவர்கள் கேட்பார்கள். எனவே, நாம் கேட்பது மூன்று அரைநாட்களும் ஒரு தாளும் மட்டுமே. பிப்ரவரியில் ஓர் அரைநாள், உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளைச் சந்திக்கட்டும். மார்ச்சில் ஓர் அரைநாள், பள்ளி மேலாண்மைக் குழுவின் பொறுப்பில் பெற்றோர் கூட்டம் நடக்கட்டும். ஏப்ரலில் ஓர் அரைநாள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் புதிய பள்ளிக்குப் போய் வகுப்பறை, கழிப்பறை, குடிநீர்க் குழாய், ஆய்வகம், விளையாட்டுத் திடல் எல்லாம் பார்த்து, மதிய உணவும் அங்கேயே சாப்பிட்டு வரட்டும். கழிப்பறை எங்கே என்று கேட்க வெட்கப்பட்டு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு இந்த அரைநாளின் அருமை புரியும்.

அந்த ஒரு தாள், டி.சி.யோடு போக வேண்டிய ஆசிரியர் குறிப்பு. தமிழில் தடையின்றி வாசிக்கிறதா, கழித்தலும் வகுத்தலும் வருகிறதா, கரும்பலகை சரியாகத் தெரிகிறதா, எதில் ஆர்வம், வீட்டில் கவனிக்க ஆள் உண்டா என்று பத்து வரி போதும். 2025-26 கல்வியாண்டில் தொடங்கிய ‘திறன்’ திட்டம், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை மொழியிலும் கணக்கிலும் அடிப்படை குறைந்த பிள்ளைகளைத் தேர்வு வைத்துக் கண்டறிந்து தனிப் பயிற்சி தருகிறது. நல்ல முயற்சி. ஆனால், ஐந்து ஆண்டு கூடவே இருந்த ஆசிரியருக்குத் தெரிந்ததை அவரிடம் கேட்டிருந்தால் புதிய பள்ளி முதல் வாரமே வேலையைத் தொடங்கியிருக்கலாம். ஒரு கட்டுப்பாடு மட்டும் தேவை: அந்தத் தாளில் பிள்ளையின் மீது முத்திரை குத்தும் சொல் எதுவும் இருக்கக் கூடாது.

ஜூன் மாதத்தில் உயர்நிலைப் பள்ளி செய்ய வேண்டியதும் அதிகம் இல்லை. முதல் இரண்டு வாரம் மதிப்பெண்ணுக்கான தேர்வு வேண்டாம். ஆறாம் வகுப்புக்கு, பொறுமையும் அனுபவமும் உள்ளவரை வகுப்பாசிரியராகப் போட வேண்டும். அவர் தினமும் முதல் பீரியடை எடுக்கட்டும். ஒவ்வொரு புதிய பிள்ளைக்கும் எட்டாம் வகுப்பிலிருந்து ஓர் அண்ணனோ அக்காவோ துணையாக இருக்கட்டும். கேலியும் மிரட்டலும் நடந்தால் யாரிடம் சொல்வது என்பதையும், 1098, 14417 என்ற உதவி எண்களையும் முதல் நாளே எழுதிப்போட வேண்டும்.

பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. ‘பெரிய பள்ளிக்கூடம் போ, அங்கே தெரியும் சேதி’ என்று மிரட்டுவதை முதலில் நிறுத்துங்கள். மே மாதத்திலேயே ஒரு நாள் பள்ளி நேரத்தில் பேருந்து ஏறி அந்த வழியைப் பிள்ளையோடு போய்ப் பாருங்கள். டைம் டேபிள் பார்த்து இரவே பையை அடுக்கும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். பெண்பிள்ளைக்கு மாதவிடாய் பற்றி அது வருவதற்கு முன்பே சொல்லிவையுங்கள். பையில் ஒரு நாப்கின் இருக்கட்டும். ஆண்பிள்ளைக்கும் அது கேலிக்குரியதல்ல என்று சொல்லுங்கள். நீங்கள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவராக இருந்தாலும் கவலை வேண்டாம். அறிவியல் வீட்டுப்பாடம் சொல்லித்தர முடியாவிட்டாலும், ‘இன்னைக்கு யார்கூடச் சாப்பிட்டே?’ என்று தினமும் கேட்க முடியும். பிள்ளை அங்கே ஒட்டிவிட்டதா, தனியாக நிற்கிறதா என்பதை அந்தப் பதிலே காட்டிவிடும். காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் இறங்கினால் ட்யூஷன் தேடும் முன் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.

எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்ற கொள்கையில் தமிழ்நாடு உறுதியாக நிற்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அதை உறுதிசெய்தது. சரியான நிலைப்பாடு அது. ஆனால், வகுப்பேற்றுவது மட்டுமே பிள்ளையை வகுப்பில் நிலைக்கச் செய்யாது. ஆறில் தொலைந்துபோன பிள்ளையை ஒன்பதில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தேடுவதைவிட, ஆறின் வாசலிலேயே கைபிடித்து அழைத்துப்போவது எளிது, செலவும் குறைவு. அடுத்த பிப்ரவரிக்கு முன்பாக இரண்டு இயக்குநர்களும் சேர்ந்து ஒரே சுற்றறிக்கையில் இந்தக் கடமைகளை வரையறுக்க வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கையில் காலை உணவை எட்டாம் வகுப்பு வரை நீட்டும் அறிவிப்பு வர வேண்டும். இரண்டையும் அரசு தாமதமின்றிச் செய்ய வேண்டும்.