பாஸ்புக்கை வாசலில் ஒட்டி வைப்பதா?

எத்தேரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பில் ஒருவருக்குச் சிறு தொகை அனுப்புகிறீர்கள். அனுப்பிய கையோடு உங்கள் வாலட் முகவரி அவரிடம் போய்விடுகிறது. அதை ஈத்தர்ஸ்கேன் தளத்தில் போட்டுப் பார்த்தால் போதும்: கையிருப்பு எவ்வளவு, சம்பளம் எந்தத் தேதியில் வந்தது, போன வாரம் எந்த முகவரிக்கு எவ்வளவு போனது, அத்தனையும் விரியும். கடவுச்சொல்கூட வேண்டாம்.

முகவரியில் பெயர் இல்லையே என்று ஆறுதல் அடைய முடியாது. ஒருமுறை பெயர் தெரிந்துவிட்டால் பழைய கணக்கெல்லாம் சேர்ந்தே அம்பலமாகும். அழிக்கவும் வழியில்லை. பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ 2008-இலேயே, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதுச் சாவி வைத்துக்கொள்ளச் சொன்னார். பல முகவரிகளின் பணத்தைச் சேர்த்துச் செலவிட்டால் குட்டு உடையும் என்றும் எழுதினார்.

இதற்கு மருந்து கணிதத்தில் இருக்கிறது. ஒரு ரகசியத்தைச் சொல்லாமலேயே அது தன்னிடம் இருப்பதை நிரூபிக்கும் முறையை கோல்ட்வாசரும் மிக்காலியும் ராக்காஃபும் 1985-இல் முன்வைத்தார்கள். 2016-இல் வந்த ஸீகேஷ் என்ற கிரிப்டோ நாணயம் அதன்மேல் எழுந்தது. எத்தேரியத்தில் இயங்கும் டொர்னாடோ கேஷ் என்ற மென்பொருளிலும் அதே உத்திதான். பொதுத் தொகுப்பில் எத்தேரிய நாணயமான ஈத்தர் ஒன்றைப் போடுகிறீர்கள். ரகசியக் குறிப்பு ஒன்று கிடைக்கும். பிறகு வேறு முகவரியில் எடுக்கும்போது, போட்டவர்களில் நீங்களும் ஒருவர் என்பது உறுதியாகும். யார் என்பது தெரியாது.

வட கொரியாவின் லாசரஸ் ஹேக்கர் கும்பலும் திருட்டுப் பணத்தை டொர்னாடோ கேஷில்தான் கரைத்தது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கா அந்த மென்பொருளையே தடைப்பட்டியலில் சேர்த்தது. அதே மென்பொருள் வழியாகத்தான் உக்ரைனுக்கு நன்கொடை அனுப்பியதாக எத்தேரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் பூட்டரின் சொன்னார். டொர்னாடோ கேஷை உருவாக்கியவர்களில் ஒருவரான அலெக்ஸி பெர்ட்செவுக்கு நெதர்லாந்து நீதிமன்றம் 2024-இல் 64 மாதச் சிறை விதித்தது. தடையோ 2025 மார்ச்சில் நீக்கப்பட்டது. திருடன் ஓடிய தெருவில் வேறு யாருமே நடக்கக் கூடாது என்ற அந்தத் தடையை என்னால் ஏற்க முடியவில்லை.

பூட்டரினும் சிலரும் 2023-இல் முன்வைத்த 'பிரைவசி பூல்ஸ்' யோசனை எனக்குச் சரியாகப் படுகிறது. அதில், என் பணம் திருட்டுப் பணத்தோடு சேர்ந்ததல்ல என்பதை மட்டும் நிரூபிப்பேன். மற்றது என்னோடு இருக்கும். திருட்டுப் பட்டியலை யார் வைத்திருப்பது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. அது ஒருவர் கையில் போய்ச் சேரக் கூடாது.

பத்துப் பேர் மட்டும் முக்காடு போட்டால் அந்தப் பத்துப் பேரையும் ஊர் உற்றுப் பார்க்கும். எல்லோரும் போட்டால்தான் மறைவு. ஆகவே வாலட் தயாரிப்பவர்களே, இந்த வசதியைத் தேடிப் பிடிக்கும் மூலையில் வைக்காதீர்கள். 'அனுப்பு' என்ற பொத்தானுக்குள்ளேயே வையுங்கள்.