ஹுண்டாய்க்கு இவ்வளவு காசோ?

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் என் சித்தியின் மகனைச் சுற்றி மூன்று மாமாமார் நின்றார்கள். அவனுக்கு நல்ல வேலை கிடைத்து இரண்டு வருடமாகிறது. பழைய கார் இந்தக் குளிர்காலத்தோடு படுத்துவிட்டது. அடுத்ததாக ஒரு நல்ல செடான் எடுக்க வேண்டும் என்று பென்ஸ் சி-கிளாஸ், பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ், ஜெனிசிஸ் ஜி70 மூன்றையும் ஓட்டிப் பார்த்திருக்கிறான். ஜி70 தான் மனதுக்குப் பிடித்தது என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டான்.

"ஜெனிசிஸ் எண்டா ஆர்ர கார்?"

"ஹுண்டாயின்ர சொகுசுக் கார், மாமா."

"ஹுண்டாய்க்கு இவ்வளவு காசோ? உனக்கென்ன விசரே? அந்தக் காசுக்கு பென்ஸ் எடுக்கலாமே தம்பி!"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு மெசேஜ் அனுப்பினான்: "அக்கா, பேசாமல் பென்ஸே லீஸ் பண்ணட்டா?"

அவனுக்கு அன்று இரவு நான் அனுப்பிய பதில் நீண்டுபோய்விட்டது. அதைக் கொஞ்சம் திருத்தி இங்கே போடுகிறேன். இதே கேள்வி உங்களில் பலருக்கும் வரும், அல்லது வந்திருக்கும்.

முதலில் மாமாவுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். அவர் காரணம் இல்லாமல் சிரிக்கவில்லை. ஹுண்டாய் கனடாவுக்கு வந்தது 1984இல், போனி என்ற சின்னக் காரோடு. விலை 6,000 டொலருக்கும் குறைவு. சனம் அள்ளிக்கொண்டு போனது. அதன் பிறகு இங்குள்ள குளிரும் வீதியில் கொட்டும் உப்பும் சேர்ந்து அதைத் துருப்பிடிக்க வைத்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1983க்குப் பிறகு எங்கள் ஆட்கள் இங்கு வந்து இறங்கத் தொடங்கிய காலமும் அதுதான். புதிதாக வந்தவர்கள் வாங்கக்கூடிய மலிவான கார் என்றுதான் அந்தப் பெயர் அவர்கள் மனதில் பதிந்தது. நாற்பது வருடம் கழித்து அதே கம்பனியின் காருக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும்.

ஆனால் பி.எம்.டபிள்யூவின் கதை மாமாவுக்குத் தெரியுமா?

பி.எம்.டபிள்யூ விமான எஞ்சின் செய்து தொடங்கிய கம்பனி. கார் தொழிலுக்குள் அது வந்தது 1928இல், ஐசனாக் என்ற ஊரில் இருந்த ஒரு தொழிற்சாலையை வாங்கி. அந்தத் தொழிற்சாலை அப்போது செய்துகொண்டிருந்த டிக்சி என்ற கார், அதன் சொந்த வடிவமைப்பு அல்ல. இங்கிலாந்தின் ஒஸ்ரின் 7 என்ற மிகச் சிறிய, மலிவான காரை அனுமதி பெற்றுச் செய்தது அது. ஆக, பி.எம்.டபிள்யூவின் முதல் கார் ஒரு ஒஸ்ரின்.

ஒஸ்ரின் என்ற பெயரை உங்கள் தாத்தாவிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், ஏ40, மொறிஸ் மைனர் என்றால் அது ஒரு காலத்தின் கௌரவம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, அந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியிருக்கிறார்கள்.  எண்பதுகளின் இறுதியில் ஒஸ்ரின் என்ற பெயரைக் காரில் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெயரை வைத்திருந்த ரோவர் குழுமத்தை 1994இல் காசு கொடுத்து வாங்கியது யார் தெரியுமா? பி.எம்.டபிள்யூ. 1928இல் ஒஸ்ரினைப் பார்த்துக் கார் செய்த கம்பனி, அறுபத்தாறு வருடம் கழித்து ஒஸ்ரின் என்ற பெயருக்கே சொந்தக்காரனாகிவிட்டது.

இடையிலும் பி.எம்.டபிள்யூவுக்கு நேரான பாதை இருக்கவில்லை. போருக்குப் பிறகு ஐம்பதுகளில் அது கிட்டத்தட்ட வங்குரோத்து நிலை. 1955 முதல் 1962 வரை இசெட்டா என்ற முட்டை வடிவக் குட்டிக் காரை விற்றுத்தான் வயிற்றைக் கழுவியது. முன்பக்கம்தான் அதன் கதவு, குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பது போலத் திறந்து ஏற வேண்டும். அதுவும் ஓர் இத்தாலியக் கம்பனியிடம் அனுமதி வாங்கிச் செய்தது. 1959 டிசம்பர் 9ஆம் திகதி நடந்த பங்குதாரர் கூட்டத்தில் கம்பனியை டைம்லர்-பென்ஸிடம் ஒப்படைத்துவிடுவது என்ற திட்டம் மேசைக்கு வந்தது. சிறு பங்குதாரர்களும் விற்பனையாளர்களும் எதிர்த்து நின்று அதைத் தடுத்தார்கள். பிறகு ஹெர்பேர்ட் குவான்ட் என்ற தொழிலதிபர் தன் பணத்தைப் போட்டுத் தூக்கி நிறுத்தினார். அன்று அந்தத் திட்டம் நிறைவேறியிருந்தால் 3 சீரிஸ் என்று ஒன்றே இருந்திருக்காது.

1958இல் ஒருவர் "எனக்கு பி.எம்.டபிள்யூ பிடிச்சிருக்கு" என்று சொல்லியிருந்தால், அந்த ஊர் மாமாமார் "முட்டைக் கார் செய்யிறவனிட்டயோ?" என்று சிரித்திருப்பார்கள்.

இதற்காகக் காரின் மூக்கில் இருக்கும் சின்னம் வெறும் தகடு என்று சொல்ல வரவில்லை. அதற்கு உண்மையான பலம் உண்டு. அதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது.

2002இல் வோல்க்ஸ்வேகன் ஃபெய்ட்டன் என்ற பெரிய செடானைக் கொண்டுவந்தது. பென்ஸ் எஸ்-கிளாஸுக்குப் போட்டி. ட்ரெஸ்டன் நகரில் கண்ணாடிச் சுவர் வைத்த தொழிற்சாலையில் செய்தார்கள். அதன் அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்டு அடுத்த வருடமே இன்னொரு கார் வந்தது: பென்ட்லி கொன்டினென்டல் ஜி.டி. பென்ட்லியும் வோல்க்ஸ்வேகனின் கம்பனிதான். அடித்தளம் ஒன்று, முதலாளியும் ஒருவர். பென்ட்லிக்குச் சனம் வரிசையில் நின்றது. ஃபெய்ட்டனை 2006இல் அமெரிக்கச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கார் மோசமில்லை. ஆனால் சாதாரண வோல்க்ஸ்வேகனில் இருக்கும் அதே எழுத்து முன்னால் இருக்கும்போது அவ்வளவு காசு கொடுக்க ஆட்கள் தயாராக இல்லை.

ரொயோட்டா அதை முன்பே புரிந்துகொண்டிருந்தது. பென்ஸோடு போட்டி போடும் காரைச் செய்ய 1983இல் முடிவெடுத்தார்கள். 450 அளவில் சோதனைக் கார்கள் செய்து பார்த்தார்கள். ஆனால் விற்கும்போது ரொயோட்டா என்று போடவில்லை. 1989இல் லெக்சஸ் எல்.எஸ் 400 என்று அமெரிக்காவில் இறக்கினார்கள். ஆரம்ப விலை 35,000 டொலர். அந்த அளவுப் பென்ஸ் அப்போது 60,000ஐத் தாண்டும். அதன் விளம்பரம் இன்றும் யூடியூபில் இருக்கிறது: பொனெற் மேல் ஷாம்பெயின் கிளாஸ்களைக் கோபுரமாக அடுக்கிவிட்டு எஞ்சினை வேகமாக ஓட விடுவார்கள். ஒரு கிளாஸ்கூட ஆடாது.

எனக்குப் பிடித்தது அந்த விளம்பரம் அல்ல, அதற்குப் பிறகு நடந்தது. விற்பனை தொடங்கிச் சில மாதத்திலேயே பிழை வந்துவிட்டது. பிரேக் லைட்டிலும் குரூஸ் கொன்ட்ரோலிலும் சிக்கல். 1989 டிசம்பரில் சுமார் 8,000 கார்களையும் திருப்பி அழைத்தார்கள். புதுப் பெயருக்கு இதுவே சாவுமணியாக இருந்திருக்கலாம். ஆனால் லெக்சஸ் ஆட்களை வீடுகளுக்கு அனுப்பிக் கார்களை எடுத்து, திருத்தி, கழுவி, திரும்பக் கொண்டுபோய் விட்டது. இருபது நாளுக்குள் வேலை முடிந்தது. லெக்சஸ் என்றால் நம்பலாம் என்ற பேச்சு அங்கேதான் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன்.

ஹுண்டாய் இந்த இரண்டு பாடத்தையும் படித்திருக்கிறது. 2008இல் வந்த ஜெனிசிஸ் செடான், ஹுண்டாய் பெயரோடுதான் வந்தது. அடுத்த ஜனவரியில் வட அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த கார் விருது அதற்குக் கிடைத்தது. ஆனால் மாமாமாரின் சிரிப்பு நிற்கவில்லை. 2015 நவம்பரில் ஜெனிசிஸைத் தனிப் பெயராகப் பிரித்தார்கள். அதே ஆண்டு பி.எம்.டபிள்யூவின் எம் பிரிவில் பொறியியலுக்குப் பொறுப்பாக இருந்த அல்பேர்ட் பீயர்மனைத் தங்கள் பக்கம் கொண்டுவந்தார்கள். என் தம்பி ஓட்டிப் பார்த்து "வளைவில் நல்லாப் பிடிக்குது அக்கா" என்று சொன்ன ஜி70, அவருடைய காலத்தில் வந்த கார். 2019இல் அதுவும் ஆண்டின் சிறந்த கார் விருதை வாங்கியது.

இனி விருதுகளை விட்டுவிட்டு உங்கள் சட்டைப் பையைப் பார்ப்போம்.

கனடாவில் பென்ஸும் பி.எம்.டபிள்யூவும் புதுக் காருக்குக் கொடுக்கும் உத்தரவாதம் 4 வருடம் அல்லது 80,000 கிலோமீற்றர். ஜெனிசிஸ் கொடுப்பது 5 வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர். இது தாராள மனம் அல்ல. பெயர் இல்லாதவன் கூடக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தப் போட்டியில் லாபம் வாங்குகிறவருக்கு.

ஆனால் ஒரு கணக்கு இதற்கு எதிராக வேலை செய்யும். சொகுசுக் கார்கள் எல்லாமே வேகமாக விலை இறங்கும். புதுப் பெயர் இன்னும் வேகமாக இறங்கும் என்பதை எதிர்பார்த்தே வாங்க வேண்டும். லீஸ் என்றால் காரின் விலையை நீங்கள் கட்டவில்லை, அது இழக்கும் பெறுமதியையும் வட்டியையும்தான் கட்டுகிறீர்கள். ஓர் உதாரணம்: இரண்டு கார், ஒவ்வொன்றும் 60,000 டொலர். நான்கு வருடம் கழித்து ஒன்றின் பெறுமதி 30,000 என்றும் மற்றதன் பெறுமதி 26,000 என்றும் வைப்போம். அந்த 4,000ஐ 48 மாதத்தால் பிரித்தால், இரண்டாவது காருக்கு வட்டியை விடவே மாதம் 83 டொலர் அதிகம். இப்படித்தான் சில நேரம் பென்ஸ் லீஸ் உங்களுக்கு மலிவாகத் தெரிகிறது. சின்னத்தின் பலம் அங்கே காசாகவே இருக்கிறது.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மூன்று நான்கு வருடம் ஓடிய ஜெனிசிஸை இரண்டாம் கையாக வாங்குகிறவருக்கு அந்த 4,000 டொலர் லாபம். முதல் சொந்தக்காரர் மாமாமாரின் சிரிப்புக்கான விலையைக் கட்டிவிட்டார். காரோ அதே கார். உத்தரவாதத்திலும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம்.

இன்னொரு விஷயம், எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பது. ஜெனிசிஸ் ஐரோப்பாவுக்கு வந்ததே 2021இல், பிரித்தானியா, ஜேர்மனி, சுவிஸ் என்ற மூன்று நாடுகளோடு. லெக்சஸோடு ஒரே வருடம் பிறந்த நிசானின் இன்பினிற்றி, 2020இல் மேற்கு ஐரோப்பாவை விட்டே போய்விட்டது. புதுப் பெயர்கள் எல்லாம் வெல்வதில்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சர்வீஸ் செய்ய இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இன்சூரன்ஸ் எவ்வளவு வரும் என்பதையும் முதலே கேளுங்கள். இருபத்தைந்து வயதுக்குள் இருந்தால் அந்தத் தொகை கார் ஆசையையே மாற்றிவிடும்.

ஆகவே என் கருத்து இதுதான். ஒரு காரைச் சொந்தமாக வாங்கி ஏழெட்டு வருடம் வைத்திருக்கப் போகிறீர்களா? ஓட்டிப் பார்த்து மனதுக்குப் பிடித்ததை எடுங்கள். அது புதுப் பெயராக இருந்தால் பயப்படாதீர்கள், முடிந்தால் இரண்டாம் கையாக எடுங்கள். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றப் போகிறீர்களா? அப்போது பழைய பெயருக்குக் கொடுக்கும் காசில் ஒரு பகுதி உங்களிடம் திரும்பி வரும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் மண்டப வாசலில் இறங்கும்போது நான்கு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு லீஸில் கையெழுத்துப் போடாதீர்கள். அவர்கள் பார்ப்பது இரண்டு நிமிடம். நீங்கள் கட்டுவது 48 மாதம்.

எங்கள் அப்பா அம்மாவின் படிப்பையும் வேலை அனுபவத்தையும் இங்கே ஒருவரும் முதலில் எண்ணவில்லை. பெயரைக் கேட்டதும் விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்த கதைகள் எல்லா வீட்டிலும் இருக்கின்றன. அப்படி வந்து, வேலையால் பெயர் எடுத்த ஆட்களே ஒரு காரை அதன் பெயரை வைத்து மட்டும் அளந்து சிரிப்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

தம்பி இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ஜி70ஐ மறுபடி ஓட்டிப் பார்க்கப் போனபோது, அதிகம் சிரித்த மாமாவையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். பக்கத்து சீற்றில் இருந்து கதவை இரண்டு தரம் திறந்து சாத்திச் சத்தம் பார்த்தாராம், தையலைத் தடவினாராம். இறங்கும்போது ஒன்றுதான் கேட்டாராம்:

"பழசா ஒண்டு எடுத்தா என்ன விலை வரும் தம்பி?"