பசிக்கு பாஸ்போர்ட் கேட்காத பெண்கள்!

'பேப்பர் இல்லாம அடுத்த நாட்டுக்குள்ள நுழையறது தப்பு. வழியில செத்தா யார் என்ன பண்ண முடியும்?' டி.வி. செய்தி பார்த்துக் கொண்டிருந்தபோது என் கணவர் சொன்னது இது. எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஹோண்டுராஸ், குவாத்தமாலா போன்ற மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்து மெக்ஸிகோ வழியாக அமெரிக்காவுக்குப் போகிறவர்களைப் பற்றித்தான் பேச்சு. அங்கே பெட்டிக்கடைக்காரரிடம்கூட ரவுடிக் கும்பல் மாமூல் கேட்கிறது. கொடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஏழைக்கு விசா கிடைப்பதோ குதிரைக்கொம்பு. கடனை உடனை வாங்கி ஏஜெண்டுக்குக் கொட்டுகிறார்கள். அதற்கும் வழியில்லாதவர்கள் சரக்கு ரயிலின் மேல் ஏறுகிறார்கள். அந்த ரயிலுக்கு அவர்கள் வைத்த பெயரே 'மிருகம்'! தூக்கத்தில் சரிந்து விழுந்து கால் இழந்தவர்கள் எத்தனையோ பேர்.

பெண்கள் பாடு இன்னும் கொடுமை. வழியில் பலாத்காரம் நடந்தாலும் கர்ப்பமாகிவிடக் கூடாதே என்று, கருத்தடை ஊசி போட்டுக் கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு என்று 2010-ல் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அறிக்கை சொன்னது. தெரிந்தே ஒருத்தி கிளம்புகிறாள் என்றால், அவள் விட்டு வரும் ஊர் எப்படி இருக்கும்? அதே ஆண்டு மெக்ஸிகோவின் சான் ஃபெர்னாண்டோவில் 72 பேரைக் கடத்தல் கும்பல் சுட்டுக் கொன்றது. அதில் 14 பேர் பெண்கள். 2022-ல் டெக்சாஸில், அடைத்து வைத்த லாரியின் வெப்பத்தில் 53 உயிர்கள் போயின.

அனுமதியின்றி நுழைவது குற்றம்தான். ஆனால், முதல் முறை நுழைந்தால் அமெரிக்கச் சட்டப்படி அதிகபட்சம் ஆறு மாத ஜெயில். மரண தண்டனை இல்லையே! நேர்வழியை அடைக்க அடைக்க, ஏஜெண்டுகள் காட்டில்தான் மழை.

மெக்ஸிகோவில் லா பாத்ரோனா என்று ஒரு சின்னக் கிராமம். 1995-ல் ரொட்டியும் பாலும் வாங்கித் திரும்பிய அக்கா தங்கையிடம், ரயில் மேலிருந்தவர்கள் 'பசிக்குது' என்று கத்தினார்கள். கையிலிருந்ததை அப்படியே கொடுத்து விட்டார்கள். அப்புறம் குடும்பமே சமைக்க ஆரம்பித்தது. சோறும் பீன்ஸும் பொட்டலம் கட்டி, ஓடும் ரயிலில் எட்டிப் பிடிக்க வசதியாகத் தண்ணீர் பாட்டில்களைக் கயிற்றில் ஜோடியாகக் கட்டிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான நோர்மா ரொமேரோவுக்கு 2013-ல் அந்நாட்டின் தேசிய மனித உரிமை விருது கிடைத்தது. அவர்கள் ஒன்றும் பணக்காரர்கள் இல்லை.

'சட்டம் சட்டம்தான்' என்கிறார் என் கணவர் இன்னமும். முதலில் உயிர், அப்புறம்தான் சட்டம் என்கிறேன் நான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், தோழிகளே?

– ஒரு வாசகி, தஞ்சாவூர்.