இருமுறை மௌத்தான முசாஃபிர்

கோடை விடுமுறைக்கு என் பேரனும் பேத்தியும் கன்னிவாடிக்கு வந்திருந்தார்கள். பழனி மலையின் அடிவாரத்து ஊர் எங்களுடையது. மஃரிபுக்குப் பின் மலைக்காற்று இறங்கிவிடும். காட்டோரத் தோட்டங்களில் யானையை விரட்டும் வெடிச்சத்தமும் சில இரவுகளில் கேட்கும். அத்தகைய ஓர் இரவில் இருவரும் மடிக்கணினியின் முன் மூச்சடக்கி அமர்ந்திருக்கக் கண்டு எட்டிப் பார்த்தேன். படம் ஒன்றையும் காணோம். கறுப்புத் திரையில் புள்ளிகளும் கோடுகளும் எழுத்துகளும் மட்டுமே இருந்தன.

"மின்னஞ்சல் முகவரியில் வருமே ஒரு சுழிக்குறி, அதுதான் நம் ஆள் நன்னா. பெயர் முசாஃபிர்" என்றாள் பேத்தி.

விளையாட்டின் பெயர் நெட்ஹேக். 1987இல் வெளிவந்தது. இதன் மூதாதை, 1980இல் கலிபோர்னியாவில் பல்கலைக்கழக மாணவர்கள் ஆக்கிய ரோக் என்பதாம். பூமிக்கடியில் தளம் தளமாக இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கணினி புதிதாகச் சுரங்கம் வரைவதால் வழியை மனனம் செய்து பயனில்லை. எல்லாவற்றினும் கடுமையானது ஒரு விதி: ஆள் இறந்தால் இறந்ததுதான். அன்றைய ஆட்டத்தை நிறுத்தும்போது கணினி ஒரு கோப்பில் அதைச் சேமிக்கும். மறுநாள் தொடங்கியவுடன் அக்கோப்பை அழித்துவிடும். ஆகவே பின்னோக்கிச் செல்ல வழியில்லை. ரோக் விளையாட்டிலோ, இறந்தவுடன் பெயரும் கொன்றது எதுவென்பதும் பொறித்த கல்லறையே திரையில் தோன்றுமாம்.

நம் தாயக்கட்டத்தில் காய் வெட்டுப்பட்டால் மறுபடி தாயம் போட்டு இறக்கலாம். சடுகுடுவிலும் சஞ்சீவினி முறையில், எதிரணியில் ஒருவர் வெளியேறினால் நம்மவர் ஒருவர் உயிர்பெற்று உள்ளே வருவார். காமினி என்றொரு முறை உண்டு. அதில் வெளியேறியவர், அணி முழுவதும் வெளியேறும்வரை வெளியில்தான். இந்தக் கணினி ஆட்டம் அந்தக் காமினியின் பங்காளி என்று தோன்றிற்று. மரணவேளையில் தன்னைத் திருப்பி அனுப்புமாறு மன்றாடுவோனைப் பற்றிய அல்முஃமினூன் அத்தியாயத்தின் 99, 100ஆம் வசனங்களும் நினைவில் வந்து நின்றன.

என் துணைவியாருக்கு வேறு கவலை. "இதெல்லாம் கூடுமா?" என்றார். சதுரங்கத்தைப் பற்றியே நம் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பந்தயமின்றி, தொழுகை தவறாமல் ஆடுவதை ஷாஃபிஈ அறிஞர்கள் மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்தினர். ஹனஃபி அறிஞர்கள் அதனினும் கடுமை காட்டினர். இந்த ஆட்டத்தைப் பற்றித் தீர்ப்புக் கூற நான் ஆலிம் அல்லன். பலிபீடங்களும் கற்பனைத் தெய்வங்களும் இதில் உண்டு என்று பேரனே ஒப்புக்கொண்டான். ஆனால் அவற்றை அறவே நாடாமல் ஆடுவதையும் ஒரு தனி நெறியாக ஆட்டமே கணக்கில் குறித்துக்கொள்கிறது. இருவரும் அந்நெறியில்தான் ஆடினர். காசு கொடுத்து உயிர் வாங்கும் கைபேசி ஆட்டங்களைவிட இது எவ்வளவோ மேல் என்று, பாங்கு சொன்னதும் மூடிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டுவிட்டேன்.

அவர்களுக்குள் வேறோர் ஒப்பந்தம் இருந்தது. முசாஃபிர் இருவருக்கும் பொது. ஒருவர் இல்லாமல் மற்றவர் தொடக்கூடாது. பத்து நாட்களுக்கும் மேலாக அவனைக் கண்ணும் கருத்துமாக நடத்திச் சென்றார்கள். ஒருநாள் பதினொன்றாம் தளத்தில் அவன் இறந்தான். பேத்தி அன்று சரியாக உண்ணவில்லை. மறுநாள் அதே பெயரில் புதியவனைத் தொடங்கினார்கள்.

அந்தப் புதியவன் எட்டாம் தளத்தில் இறங்கியபோதுதான் அது நேர்ந்தது. அங்கே முசாஃபிரின் ஆவி நின்றது! அருகில் பழைய முசாஃபிரின் வாளும் கவசமும் கிடந்தன. இந்த ஆட்டத்தில், இறந்தவனின் தளத்தைக் கணினி சில வேளைகளில் அப்படியே பாதுகாத்து வைக்குமாம். அதே கணினியில் பின்னால் வருபவன் அதைக் காண நேரலாம்.

"அண்ணா, நாம் பதினொன்றாம் தளத்தில்தானே மௌத்தானோம்? எட்டாம் தளத்தில் இவன் யார்?"

பேரனின் காதுகள் சிவந்தன. நெடுநேரம் கழித்தே வாய் திறந்தான். ஓரிரவு இஷாவுக்குப் பின் எல்லாரும் உறங்கியதும், தனியே ஆடியிருக்கிறான். முன்னெச்சரிக்கையாகச் சேமிப்புக் கோப்புக்கு நகல் ஒன்றும் எடுத்து வைத்திருக்கிறான். எட்டாம் தளத்தில் முசாஃபிர் இறந்ததும் நகலைப் பழைய இடத்தில் வைத்துவிட்டான். காலையில் தங்கை எழுந்தபோது முசாஃபிர் நலமாக இருந்தான். நகலைப் பற்றி எண்ணியவன், கணினி தன் பங்குக்கு எடுத்து வைத்ததை எண்ணவில்லை.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்: "அப்படியானால் அதற்குப் பிறகு நாம் ஆடினோமே, அத்தனை நாளும்?"

அவனிடம் பதில் இல்லை. நான் நசீஹத் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். இளமையில் நானும் ஒரு கணக்கேட்டை இரவோடிரவாகத் திருத்தியதுண்டு. அந்த விவரத்தை இந்தப் பக்கத்தில் எழுத இன்னும் எனக்குத் துணிவில்லை.

"இந்தப் பொருட்களை எடுக்கலாமா?" என்றாள் சற்றுப் பொறுத்து.

"வேண்டாம். பெரும்பாலும் சாபமேறியிருக்கும்" என்றான் அவன், குனிந்த தலை நிமிராமல்.

அவள் சுழிக்குறியை அந்தக் குவியலைத் தொடாமல் சுற்றி நடத்திச் சென்று, கீழே இறங்கும் படியைத் தேடினாள். இஷா பாங்கு கேட்டதும் ஆட்டத்தைச் சேமித்தாள். மடிக்கணினியைத் தன் துணி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். விடுமுறை முடியும்வரை சாவி அவளிடமே இருந்தது.