குளியலறையும் இளம்பச்சையும்

ஒரு வீட்டின் செம்மையை அறிய விரும்புவோர் அதன் முன் விறாந்தையைப் பாராது குளிக்கும் இடத்தைப் பார்த்தல் வேண்டும் என்பது எமது நெடுநாளைய கருத்து. விறாந்தை விருந்தினரை எண்ணி அலங்கரிக்கப்படுவது. குளிக்கும் இடமோ வீட்டார் தமக்கென்று பேணுவது. ஆயினும் இல்லத்தை அழகு செய்வது பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இவ்விடத்தை மறந்துவிடுகின்றனர். அக்குறையைச் சிறிது தீர்க்க இவ்வாரம் எண்ணினோம். கண்ணுக்குக் குளிர்ச்சி தரும் இளம்பச்சை நிறத்தில், குறைந்த செலவில், ஒரு குளியலறையை அமைத்துக்கொள்வது எவ்வாறு என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தெற்கே நீளும் எமது கரையோர ஊர்களில் குளியல் என்றால் ஒரு காலத்தில் கிணற்றடிதான். மணல் நிலத்தில் தோண்டிய ஆழங் குறைந்த கிணறு, சுற்றிலும் கிடுகு மறைப்பு, துவைகல் ஒன்று, வழிந்தோடும் நீரைக் குடித்து வளரும் வாழை. இவ்வளவே அக்காலத்துக் குளியலறை. அதன் பச்சை நிறம் வாழையிலையிலிருந்து செலவின்றிக் கிடைத்தது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை வந்து வீடுகளையும் வேலிகளையும் வாரிச் சென்றது. கிணறுகளை உவர்நீரால் நிரப்பியது. அதன் பின்னர் எழுந்த வீடுகள் பலவற்றிற் குளியலறை கூரையின் கீழ் வந்து சேர்ந்தது. பெண்களுக்கு மறைவும், முதியோருக்கு வசதியும், தொழுகைக்கு முன் ஒழுச் செய்வோருக்கு அண்மையில் நீரும் கிடைத்தன. ஆனால் கிணற்றடியிலே தாமாக இருந்த வெளிச்சத்தையும் காற்றையும் இனி நாமே தேடி அமைக்கவேண்டியதாயிற்று.

இக்கரையோரத்திலே, தமிழராயினும் முஸ்லிம்களாயினும், மணமகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பது நெடுங்கால வழக்கம். மணமகன் வந்து வாழப்போகும் வீடு ஆதலால், பெற்றோர் அதன் குளியலறையையும் பிறர் மெச்சக் கட்ட விரும்புகின்றனர். 2022 ஆம் ஆண்டு நாட்டைப் பிடித்த பொருளாதார நெருக்கடியோடு சீமெந்தும் டைல்ஸும் குழாயும் விலையேறின, ஆசையோ குறையவில்லை. எமக்கு அறிமுகமான ஒரு தந்தை, குளியலறையின் சுவர் முழுவதும் பச்சை டைல்ஸ் பதிக்கும் பொருட்டு மனைவியின் வளையல்களை ஈடு வைக்கலாமா என்று ஆலோசித்துக்கொண்டிருந்தார். "மகள்ர வாழ்க்கை மாஸ்டர், குறை சொல்ல விடக்கூடாதே" என்றார். அவரை நாம் குறை கூறவில்லை. கணக்கை மட்டும் ஒரு தாளிலே எழுதிக் காட்டினோம்.

ஐந்தடி அகலமும் ஏழடி நீளமும் உள்ள அறையின் சுற்றளவு 24 அடி. சுவரின் உயரம் எட்டடி என்றால் மொத்தம் 192 சதுர அடி. கதவுக்கு 16 சதுர அடியைக் கழித்தால் எஞ்சுவது 176. இத்தனை சுவரும் நனைவதில்லை. நீர் தெறிப்பது குளிக்கும் மூலையில். அங்கே பின்சுவர் ஐந்தடி, இரு பக்கமும் மும்மூன்று அடி, ஆக 11 அடி. ஐந்தடி உயரத்திற்குப் பதித்தால் 55 சதுர அடி போதும். இது முழுச் சுவரின் மூன்றில் ஒரு பங்கிலும் குறைவு. ஏனைய 121 சதுர அடிக்கும் நிறப்பூச்சே தக்கது. பதிக்கும் டைல்ஸும் வெண்ணிறமாயிருப்பது நன்று. பிற்காலத்தில் ஒன்று உடைந்தால் அதே வெள்ளையைத் தேடிப் பிடிப்பது எளிது, அதே பச்சையைத் தேடிப் பிடிப்பது அரிது. வளையல்கள் ஈடு போகாமலே அவ்வேலை முடிந்தது.

இனி, எந்தப் பச்சை என்று பார்ப்போம். கிளிப்பச்சை சிறிய அறையிற் கண்ணை உறுத்தும். பாசிப்பச்சை அறையை இருளாக்கும். வாழைக்குருத்தின் பச்சை, இளநீர்க் காயின் வெளிறிய பச்சை, மேற்கே வயல்களில் நாற்று முளைவிடும் காலத்துப் பச்சை ஆகியவையே ஏற்றவை. பச்சை கண்ணுக்கு இதமானது என்பதற்குச் சான்று இல்லாமலில்லை. பகலொளியில் மனிதக் கண் மிகுதியாக உணர்வது 555 நனோமீற்றர் அளவிலுள்ள ஒளியை. அது மஞ்சள் கலந்த பச்சை. ஆதலாற் சிறிது வெளிச்சமே புகும் அறையிலும் இளம்பச்சைச் சுவர் தெளிவாகத் தோன்றும். 1914 ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹரி ஷெர்மன் என்பவர், இரத்தத்தின் சிவப்பையும் வெண்சுவரின் கூச்சத்தையும் மாறிமாறிப் பார்த்துக் களைக்கும் கண்களுக்காகத் தமது சத்திரசிகிச்சைக் கூடத்தைப் பச்சையாக்கினார்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பச்சைச் சுவரிற் பட்டுத் திரும்பும் ஒளி முகத்தில் விழுந்தால், நல்ல உடல்நலம் உடையவரும் நோயாளிபோலத் தோன்றுவர். ஆகவே கண்ணாடிக்கு எதிரேயுள்ள சுவரை வெள்ளையாகவே விடுக. கூரையின் உட்புறமும் வெள்ளையாக இருத்தல் நலம். நிறத்தைத் தெரிவு செய்யும்போது ஒரு முழ அளவு சுவரிற் பூசி, உலரவிட்டு, பகலிலும் இரவு மின்விளக்கிலும் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

பூச்சுகளில் மலிவானது நமது பழைய சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பு சுவரிலேறி, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, மீண்டும் கல்லாகிறது. அதன் காரத்தன்மை பூஞ்சணத்தை எளிதில் அண்டவிடாது. ஆனால் அக்காரமே பல நிறங்களைக் கொன்றுவிடும். பிரசிய நீலத்தையும் மஞ்சளையும் கலந்து உண்டாக்கிய பச்சைத்தூள் சுண்ணாம்பிற் சேர்ந்தால், நீலம் அழிந்து பழுப்பேறும். குரோமியம் ஒட்சைட்டுப் பச்சை அவ்வாறு மாறாது. அதுவும் கிடையாதாயின், மஞ்சட் காவியோடு அல்ட்ராமரீன் நீலத்தூளைச் சேர்த்தாற் சாம்பல் கலந்த மென்பச்சை வரும். இரண்டுமே சுண்ணாம்பைத் தாங்குவன. ஆடைக்கு இடும் நீலம் திரவமாயின் அது வேறு சாயம், இதற்கு உதவாது. நிறத்தூள் சுண்ணாம்பின் எடையிற் பத்திலொரு பங்கை மீறலாகாது. ஈரத்தில் அடர்த்தியாகத் தோன்றும் நிறம் உலர்ந்தபின் மிகவும் வெளிறும் என்பதையும் நினைவிற் கொள்க. சுவரை நனைத்துக்கொண்டு, நீர்த்த கலவையாக மூன்று முறை பூசுவது, தடிப்பாக ஒரு முறை பூசுவதிலும் சிறந்தது. சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும்; கண்ணைக் காத்துக்கொள்ளுதல் அவசியம்; சிறுவரை அண்டவிடலாகாது.

சுண்ணாம்பை எங்கிருந்து பெறுவது என்பதிலும் நமக்கொரு பொறுப்புண்டு. முருகைக்கல்லைக் கடலிலிருந்து பெயர்த்துச் சூளையிலிட்ட காலம் ஒன்று இருந்தது. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1988 ஆம் ஆண்டுத் திருத்தமும் அதனைத் தடுத்தன. அலையின் வேகத்தை முதலில் தாங்குவது முருகைப் பாறையே என்பதை இக்கரையிலிருப்போருக்கு விளக்க வேண்டியதில்லை. உள்நாட்டுச் சுண்ணக்கல்லிலிருந்து வரும் சுண்ணாம்பையே கேட்டு வாங்குவோமாக.

முன்பே எண்ணெய்ப் பூச்சோ எமல்சனோ ஏறிய சுவரிற் சுண்ணாம்பு ஒட்டாது. அங்கே வெள்ளை எமல்சன் ஒரு வாளியும் பச்சை நிறக்குழம்பு ஒரு சிறு குப்பியும் வாங்கிக் கலந்துகொள்ளலாம். வேண்டிய அளவு முழுவதையும் ஒரே தடவையிற் கலப்பது அவசியம்; மறுமுறை கலப்பது முன்னைய நிறத்தோடு பொருந்துவதில்லை. ஈயம் சேராத பூச்சு என்று குறிப்பிட்டிருப்பதையே தெரிந்தெடுக்க வேண்டும். பச்சைக்கு ஒரு கொடிய வரலாறும் உண்டு. 1775 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு இரசாயனர் ஷீலே கண்டறிந்த பச்சை, ஆர்சனிக்கு நஞ்சினால் ஆனது. ஐரோப்பாவிலே அது சுவர்த்தாள்களில் ஏறியது; ஈரச் சுவரிற் பூஞ்சணம் படர்ந்தபோது நச்சு வாயுவைக் கக்கியது. அந்தப் பச்சை இன்று வழக்கில் இல்லை. ஆனால் மயில்துத்தத்தைச் சுண்ணாம்பிற் கலந்து பசுநீல நிறம் பெறும் வழக்கம் சில இடங்களில் உண்டு. துத்தமும் நஞ்சே, கிணற்றருகே அதனைக் கரைப்பதும் வாளியைக் கழுவுவதும் ஆகாது.

பூசும் காலமும் பார்த்தல் வேண்டும். எமது பகுதிக்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது; ஆதலால் மே முதல் ஓகஸ்ற் வரையான உலர்ந்த மாதங்களே தகுந்தவை. புதிய சீமெந்துப் பூச்சை நான்கு வாரமாவது உலரவிட வேண்டும்; அதற்கு முன் எண்ணெய்ப் பூச்சு ஏறினால் சீமெந்தின் காரம் எண்ணெயைச் சவர்க்காரமாக்கி உரித்துவிடும். உப்புப் பூத்த சுவரை நீரிற் கழுவினால் உப்பு மீண்டும் உள்ளே சென்று ஒளிந்துகொள்ளும். உலர்ந்த தூரிகையாலே தட்டி அகற்றுவதே முறை. கடல் மணலைக் கழுவாது குழைத்துப் பூசிய சுவரில் எந்த விலையுயர்ந்த பச்சையும் நிலைக்காது.

தரைக்குப் பளபளப்பு வேண்டாம். சவர்க்கார நீர் தேங்கிய வழுவழுப்பான தரையில் ஒரு மூதாட்டி வீழ்ந்து இடுப்பெலும்பு முறிந்தால், அச்செலவின் முன் இவ்வறையின் செலவு முழுவதும் சிறிதாகிவிடும். சொரசொரப்பான சீமெந்துத் தரை, அடிக்குக் கால் அங்குலம் வீதம் வடிகாலை நோக்கிய சரிவு, பிடித்து எழ ஒரு கம்பி ஆகியன போதும். கதவின் உட்புறத்தே மருதமுனைக் கைத்தறியில் நெய்த பச்சைக்கரைத் துணியொன்றைத் திரையாகத் தொங்கவிட்டால், ஊர் நெசவாளர் உழைப்பும் நமது வீட்டில் இடம்பெறும்.

கடைசியாகக் கூறுவது முதலிற் செய்யவேண்டியது. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடி வேண்டும் என்பது பொதுவிதி. பத்துப் பேர்ச் நிலம் ஏறத்தாழ 2,722 சதுர அடி. சதுரமாயிருப்பின் அதன் ஒரு பக்கமே 52 அடிதான். நமது கிணற்றுக்குத் தூரமாக வைத்த குழி அயல்வீட்டுக் கிணற்றுக்கு அண்மையாகிவிடும். மணலோ நீரைத் தடுத்து நிறுத்துவதில்லை. ஆகவே அடியும் சுவரும் கசியாத குழியைக் கட்டுவதற்கும், அதனை உரிய காலத்தில் வெறுமையாக்குவதற்கும் முதற்பணத்தை ஒதுக்குதல் வேண்டும். குளித்த நீரை அக்குழியில் விடாது வேறாகப் பிரித்து வாழையடிக்கு அனுப்பலாம்.

முதலிற் குழி, அடுத்துத் தரையும் சரிவும், பின்னர் காற்றுப் புகும் துளைகள், இறுதியில் நிறம். இவ்வொழுங்கிலே செலவு செய்யும் வீட்டில், கையில் மிஞ்சிய சிறு தொகைக்கு வாங்கிய பச்சையும் பல ஆண்டு நின்று அழகு தரும். இவ்வொழுங்கு தலைகீழானால், அயலவர் அருந்தும் நீரின் கேட்டை எந்தப் பச்சையாலும் மூடிவிட இயலாது.